பத்து ஏழு என்றால் எவ்வளவு?

என் பையில் மூன்று சாமான்கள் முக்கியமானவை. முறுக்கு பிழியும் மெஷினுக்கான பித்தளை அச்சுகள், இரண்டு கிலோ கடலைமிட்டாய், அப்புறம் ஒரு கடித உறை. உறை என் மகள் பவித்ரா கொடுத்தது. வீட்டில் பசை தீர்ந்துபோனதால் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தாள். பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அச்சுகளைத்தான் சந்தேகப்பட்டார். வட்டத் தகட்டில் நட்சத்திர ஓட்டைகள் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கு மலாய் தெரியாது. விரலால் காற்றில் முறுக்குச் சுற்றிக் காட்டி, வாயில் போட்டு நொறுக்குவதுபோல் செய்தேன். "ஓ, முருக்கு!" என்று சிரித்துவிட்டார். உறையை அவர் தொடவே இல்லை. வெடி அதற்குள்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை. மலேசியாவில் கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங் என்ற இடத்தில் ஒரு முறுக்குத் தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் மெஷினை வாங்கினார்கள். அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வர என்னை அனுப்பினார்கள். நானோ மனதுக்குள் இன்னொரு வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சைகைகளை வைத்து, நாம் எங்கே நிற்கிறோம் என்று கைப்பேசி கணக்குப் போட்டுச் சொல்லும் அல்லவா? வடக்கே இத்தனை, கிழக்கே இத்தனை என்று இரண்டு நீள எண்கள். அந்த எண்களை வைத்து, யாரோ ஒளித்துவைத்த பெட்டியைத் தேடுவதுதான் விளையாட்டு. ஆனால் ஒருவரால் தேட முடியாது. இரண்டு பேர் வேண்டும், அவர்கள் வேறு வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒருவர் நடப்பார், அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'காலு'. இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்; அவர் 'கணக்கு'. காலுக்கு வருகிற குறிப்பு கணக்குக்குத் தெரியாது. கணக்குக்கு வருகிற சூத்திரம் காலுக்குத் தெரியாது. ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

பவித்ராவின் கூட்டாளி ஜெசிந்தா. கெடாவில் லூனாஸ் என்ற ஊர்ப் பிள்ளை, இவளைவிட ஒரு வயது பெரியவள். தொடங்கும்போது இரண்டு வீட்டுத் தகப்பன்களும் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விளையாட்டின் விதி. அதனால் ஜெசிந்தாவின் அப்பா அந்தோணியின் எண் என்னிடம் இருந்தது. எட்டு மாதத்தில் ஒன்பது பெட்டிகளை எடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெட்டிகளுக்கு இவள் காலு, அவள் கணக்கு. அங்கே மாறிக்கொள்வார்கள். ஒருமுறை கழுகுமலை போகிற வழியில் பவித்ரா முள்ளுக்குள் நின்று அழப்போக, கடல் தாண்டி உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை, "பயப்படாத பவி, இன்னும் ஆறு மீட்டர்தான் லா, இடது பக்கம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். சைக்கிளோடு பக்கத்தில் நின்ற எனக்கே தைரியம் வந்தது.

பத்தாவது பெட்டியில் எல்லாம் உடைந்தது. அன்று ஜெசிந்தா காலு. அவள் தன் அம்மாவோடு ஒரு பழைய சாலைக்குப் போய், அங்கே ஏதோ ஒரு எண்ணைப் பார்த்து, குரல் செய்தியில் அனுப்பினாள். பவித்ரா அந்த எண்ணைக் கிழக்கு எண்ணின் கடைசி மூன்று இடத்தில் போட்டு, முடிவைத் திருப்பி அனுப்பினாள். ஜெசிந்தா அந்த இடத்தைத் தேடி எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள் போனாள். அங்கே பெட்டி இல்லை. பெரிய வாய்க்கால் இருந்தது. வழுக்கி விழுந்தாள். கைப்பேசி தண்ணீரில் போயிற்று, முழங்காலில் தையல். மழையில் அரைமணி நேரம் மகளைக் காணாமல் அந்த அம்மா கத்திக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலை அந்தோணியின் கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி வந்தது: "நான் சொன்னதை நீ போடல." பவித்ரா பதில் போட்டாள்: "நீ சொன்னதைத்தான் போட்டேன்." அதோடு சரி. அதற்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை.

பவித்ரா கணக்கு நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். விளையாட்டில் தோற்பது பெரிய விஷயமில்லை. ஆனால் எட்டு மாதம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒருத்தியைப் பொய்க்காரி என்று முடிவுகட்டிக்கொண்டு ஒரு பிள்ளை வளரக் கூடாது. அங்கே இன்னொரு பிள்ளையும் இப்படியே நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே கிளம்பும்போது, "ஒரு கடிதம் எழுதிக் கொடு, நேரில் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்றேன். உடனே எழுதிக் கொடுத்தாள். மன்னிப்புக் கடிதம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை தொழிற்சாலையில் நுழைந்ததும், அதை நடத்தும் தேவி அக்கா கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா, அண்ணே?" எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. பட்டினியாகக் கிடந்தவன் போலவா தெரிகிறேன் என்று சட்டையைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுதல் என்றுதான் பெயர். எவ்வளவு நல்ல சொல்! நாம் டிபன் என்கிறோம். ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவின் தம்பி ஒன்று வந்தது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. தேநீரை ஒரு முழம் இழுத்து ஆற்றினார்கள். அதில் மட்டும் நம் கடைக்காரர்கள் தோற்க மாட்டார்கள்.

பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைத் தமிழர்கள் சுங்கைப் பட்டாணி என்கிறார்கள். இதைக் கேட்டால் என் சின்ன மகன் ஒரு வாரம் சிரிப்பான். எங்கே பார்த்தாலும் பச்சை. நம் கரிசலில் ஒரு மழைக்கு மூன்று மாதம் வானத்தைப் பார்க்கிறோம். அங்கே மத்தியானம் துணி காயப்போட்டால் மூன்று மணிக்கு மழை வந்து எடுத்துக்கொள்கிறது.

அன்று மத்தியானமே அந்தோணிக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் குரலில் ஈரம் இல்லை.

"பரவால்ல அண்ணே. நீங்க வந்த வேலையப் பாருங்க. பிள்ளை இனிமே விளையாட வேணாம்னு சொல்லியாச்சு."

மறுநாளும் போட்டேன். "வீட்டுல கோவமா இருக்காங்கண்ணே, சூசா லா" என்றார். சூசா என்றால் சிரமம், லா என்பது நம் 'ப்பா' போலப் பேச்சுக்கு ஒரு வால் என்று தேவி அக்கா சொன்னார். மூன்றாம் நாள் மறுபடியும் போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போறேன், கடலைமிட்டாய் மட்டும் கொடுத்துட்டு" என்றேன்.

"ஞாயித்துக்கெழம பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்ண்ணே. எங்களுக்கு வெள்ளி, சனிதான் லீவு." பிறகு, "சரி, விடமாட்டீங்க போல. சனிக்கெழம பதினோரு மணிக்கு வாங்க. பஸ்ல ஏறி பத்து மூணுல இறங்குங்க. நான் மோட்டார்ல வந்து நிக்கிறேன்" என்றார்.

பத்து மூணு. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பத்தும் மூன்றும் பதின்மூன்று. பதின்மூன்றாவது நிறுத்தம். அந்த ஊர்க்காரர்கள் எண்ணைப் பிரித்துச் சொல்வார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். மூன்று நாளில் எத்தனை புதுச் சொல் கேட்டிருந்தேன்! அதில் இதுவும் ஒன்று.

சனிக்கிழமை தேவி அக்காவிடம் அரைநாள் கேட்டேன். மெஷின் பாதி பூட்டியபடி நின்றது. "சாயங்காலம் வந்திரணும் அண்ணே. நாளைக்கு மாவு போட்டுப் பாக்கணும். வரலன்னா உங்களத்தான் உரலுக்குள்ள போட்டுப் பிழிவேன்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தால் செய்யக்கூடியவர்.

பஸ் மாறி, கடைசியாக லூனாஸ் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு முறை பஸ் நின்றபோதும் விரலை மடக்கினேன். யாரும் ஏறாமல் சும்மா நின்றதையும் எண்ணுவதா என்று ஒரு குழப்பம், எண்ணவில்லை. கடைகள் போயின, ஒரு மாதா கோவில் போயிற்று, வீடுகள் குறைந்தன. மூன்றாவது நிறுத்தத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு மோட்டார் சைக்கிளில் ஒருவர் நின்று, பஸ்ஸை எட்டி எட்டிப் பார்த்தார். யாரையோ எதிர்பார்க்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாவம் யார் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

பத்தாவது நிறுத்தத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனை மட்டும்தான். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். முன்னால் இருந்த தமிழ் அம்மா திரும்பி, "எங்க போறீங்கன்னு கேக்குறாரு, உங்களுக்கே தெரியுமான்னும் கேக்குறாரு" என்றார்.

"தெரியும்மா. பதின்மூணு" என்றேன்.

பதின்மூன்றில் இறங்கினேன். பஸ் போய்விட்டது. தகரக் கூரை போட்ட ஒரு பழைய பஸ் நிறுத்தம், அதில் துருப்பிடித்த இரும்புப் பெஞ்சு. எதிரே புல்லுக்குள் புதைந்த ஒரு வெள்ளைக் கல். வேறு எதுவும் இல்லை, ஆளும் இல்லை. பனைகள் நேர்கோடாக நின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே வரிசை. அந்தப் பிள்ளை இதற்குள் எப்படி வழிதவறினாள் என்று அப்போதுதான் புரிந்தது. செருப்பில் ஒட்டிய செம்மண்ணை அந்த வெள்ளைக் கல்லில் தேய்த்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. எழுந்து நடந்தால் ஒரு கோடு வரும், பேசுவதற்குள் போகும். ஒரு மணி நேரம் போயிற்று. மழை வேறு தூறியது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. இல்லை, வந்தது வந்தாகிவிட்டது, இன்று அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் போவதில்லை என்று பெஞ்சிலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். மாட்டுக்குப் புல் அறுத்து ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"என்னா அண்ணே, இங்க பஸ்ஸு மூணு மணிக்குத்தான். யாரு வீட்டுக்கு?"

நிலைமையைச் சொன்னேன். என் கைப்பேசியை வாங்கி, கொஞ்சம் தள்ளி மேட்டில் ஏறி நின்று, அந்தோணியிடம் உரக்கச் சொன்னார்: "ஏழாங்கட்டையில நிக்கிறாரு தம்பி! ஆமா, ஏழாங்கட்டை! நல்லாத்தான் இருக்காரு, மழையில ஊறிக்கிட்டு!"

சிரித்துக்கொண்டே கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் சுற்றிலும் பார்த்தேன். ஏழு கட்டை அல்ல, ஒரு கட்டைகூட இல்லை. விறகும் இல்லை, வெட்டிப் போட்ட மரத்துண்டும் இல்லை. கட்டை இருக்கும் இடத்தில் போய் நின்றால்தானே அந்தோணி கண்டுபிடிப்பார் என்று நான் சாலையின் இரண்டு பக்கமும் கட்டையைத் தேடி நடந்தேன். வெள்ளைத் தொப்பிக்காரர் வந்து சேர்ந்தபோது நான் பள்ளத்தில் குனிந்து புல்லை விலக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னா அண்ணே தொலைச்சிட்டீங்க?"

"கட்டை" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். பத்து மூணுன்னு தெளிவாத்தானே சொன்னேன்?"

"நானும் தெளிவாத்தானே பதின்மூணு எண்ணினேன்!"

சொல்லும்போதே எனக்கு எங்கேயோ உறுத்தியது. இந்தச் சண்டையை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று பட்டது. ஆனால் பிடிபடவில்லை.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவர் விளக்கினார். காற்றில் பாதி போயிற்று; பாதி கேட்டது. மலாயில் பத்து என்றால் கல். அந்தக் காலத்தில் சாலையில் மைலுக்கு ஒரு கல் நட்டார்கள். கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் இடத்துக்குப் பெயர் கல்லின் பெயர்தான். பத்து மூணு என்றால் மூன்றாவது மைல்கல். "நம்ம ஆளுங்க அதையே மூணாங்கட்டைன்னும் சொல்வோம்ண்ணே. கட்டைன்னா மைல்கல்லு. நீங்க என்னா, விறகையா தேடுனீங்க?" அவர் தோள் குலுங்கியது. ஐந்து நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை.

லூனாஸில் அவர்கள் வீடு சின்ன வீடு, கழுவித் துடைத்த வீடு. சுவரில் மாதா படம், அதன் கீழே தொழிற்சாலை வேலைக்கான அந்தோணியின் சட்டை தொங்கியது. அவர் மனைவி ஸ்டெல்லா துண்டு கொடுத்தார், கோப்பி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. ஜெசிந்தா அறையை விட்டு வரவில்லை. கடலைமிட்டாயை மேசைமேல் வைத்தேன். உறையை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தேன்.

"எம்மக எழுதினதும்மா. பிள்ளைகிட்ட கொடுத்திருங்க."

அவர் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு கதவு படார் என்று திறந்தது. ஜெசிந்தா வந்தாள். ஒல்லியான பிள்ளை, முழங்காலில் தழும்பு, கண் நிறையத் தண்ணீர்.

"இதுக்காகவா அங்கிள் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

காகிதத்தை என்னிடம் நீட்டினாள். பவித்ராவின் குண்டு எழுத்து. "நீ சொன்னது அப்பா போனில் அப்படியே இருக்கு. கேட்டுப் பார். பொய் சொன்னது நீதான். பவித்ரா."

பிள்ளைகளே, மெஷினில் கை மாட்டினால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது. கடல் தாண்டிக் கொண்டுவந்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தது இதைத்தானா! ஸ்டெல்லா எழுந்துவிட்டார்.

"தையல் போட்ட பிள்ளைய வீடு தேடி வந்து பொய்க்காரின்னு சொல்றீங்களாண்ணே? கோப்பி குடிச்சிட்டீங்கல்ல. கெளம்புங்க."

"இருங்கம்மா" என்றேன். "நான் படிக்காம கொண்டுவந்துட்டேன். தப்பு என்மேலதான். ஆனா அந்தக் குரலை மட்டும் எல்லாரும் ஒரு தடவ கேட்டுருவோம். அப்புறம் போயிடுறேன்."

என் கைப்பேசியில்தான் பவித்ரா விளையாடுவாள். தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி, மேசைமேல் வைத்தேன். காற்றும் தூறலும் கேட்டன, அதன் நடுவே ஜெசிந்தாவின் குரல்: "பவி, பத்து ஏழு! பத்து ஏழு லா! சீக்கிரம் போடு, மழை வருது!"

"பாத்தீங்களா! ஏழுன்னுதானே சொல்றேன்?" என்றாள் ஜெசிந்தா.

மோட்டார் சைக்கிளில் பாதி கேட்டது முழுதாக வந்து சேர்ந்தது.

"நீ என்னத்தப் பாத்தும்மா சொன்ன?"

"குறிப்புல இருந்திச்சு, ரோட்டோரக் கல்லுல என்னா நம்பர்னு. கல்லுல ஏழு. பத்து ஏழு."

"கல்லுன்னு அவளுக்குத் தெரியாதும்மா. குறிப்பு உனக்கு மட்டும்தானே வந்துச்சு? அவ கேட்டது பத்து, ஏழு. ஒண்ணு, சைபர், ஏழு. நூத்தி ஏழைப் போட்டுட்டா. நான் பதின்மூணுல போயி இறங்கின மாதிரி."

அந்தோணிதான் முதலில் தலையில் கைவைத்தார். ஜெசிந்தா உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். அந்தக் கடைசி இடத்தில் ஒன்று கூடினால் தரையில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே நூறு கூடிவிட்டது.

"கிட்டத்தட்ட இருநூறு மீட்டர். கிழக்கால" என்றாள் மெதுவாக. "அந்த வாய்க்கா."

"ஏழாங்கட்டை" என்றார் அந்தோணி.

"அய்யோ, நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த இடம்" என்றேன் நான்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் பதினொன்று ஆகியிருந்தது; இவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். பவித்ரா எடுத்ததும், "கடிதம் கொடுத்தாச்சாப்பா?" என்றாள்.

"கொடுத்தாச்சு. நல்லா எழுதியிருந்த. உனக்கு அப்புறம் இருக்கு. இப்ப கேளு. அம்மா போன்ல விளையாட்டைத் திற. நோட்டை எடு."

"நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்."

"கேக்க வேணாம். கடைசி மூணு இடத்துல வெறும் ஏழு போடு. சைபர், சைபர், ஏழு."

"ஏன்?"

கைப்பேசியை ஜெசிந்தாவிடம் நீட்டினேன். அவள் வாங்கலாமா என்று அம்மாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா சுவரைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார்.

"நானும் வருவேன். பனைக்குள்ள ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. வச்சா ரெண்டு காலுலயும் நானே தையல் போடுவேன்."

அந்தோணியின் பழைய காடியில் நான்கு பேரும் போனோம். அங்கே கார் என்று சொல்வதில்லை, காடிதான். நான் கைப்பேசியை மடியில் வைத்து, கோடு போகாமல் பார்த்துக்கொண்டேன். வழியெல்லாம் இரண்டு பிள்ளைகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தி மூச்சு விடுவது மற்றவளுக்குக் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

ஏழாங்கட்டையில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. வெள்ளைக் கல்லில் என் செருப்பு மண் அப்படியே இருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். கீழே தெளிவாக ஏழு. இந்த எண்ணின்மேல்தான் காலைத் தேய்த்திருக்கிறேன்.

ஜெசிந்தா என் கைப்பேசியில் தன் பெயரில் விளையாட்டைத் திறந்து, கல்லருகே நின்று, நடுச்சாலையில் கோடு கிடைக்கிற இடத்துக்கு வந்தாள். ஒலிபெருக்கியில் பவித்ராவின் குரல் வந்தது, ஆசிரியர் வாசிக்கச் சொன்னால் வாசிப்பதுபோல்.

"கிழக்கு, கடைசி மூணு, சைபர் சைபர் ஏழு. போட்டாச்சு. உன் இடத்துலேர்ந்து பதினெட்டு மீட்டர். பஸ் நிறுத்தம் மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு."

"அதுக்குள்ள."

தகரக் கூரைக்குள் போனோம். பெஞ்சு மட்டும்தான் இருந்தது. ஜெசிந்தா முழங்கால் தழும்பைப் பார்த்துக்கொண்டே மண்டியிட்டாள், கையைப் பெஞ்சுக்கு அடியில் விட்டாள். டக் என்று ஒரு சத்தம். காந்தம் வைத்து ஒட்டியிருந்த சிறிய இரும்புப் பெட்டி கையோடு வந்தது.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டார். "அன்னிக்கு மழையில இதுமேலதான் லா உக்காந்திருந்தேன்! இவளக் காணோம்னு அழுதுகிட்டு!"

"நானும் இன்னிக்கு இதுமேலதான்" என்றேன்.

"அப்போ பெட்டி மேல உக்காந்தே ரெண்டு பேரும் தேடுனீங்க" என்றார் அந்தோணி. அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், குடையை ஊன்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு! நான் மூன்று நாளாகப் போட்ட போன்கள் செய்யாததை அந்தப் பெஞ்சு செய்துவிட்டது.

பெட்டியில் நான்கு இலக்கப் பூட்டு. சரியான இடத்தில் நின்றால் காலுக்கு முதல் இரண்டு எண் திரையில் வரும், கணக்குக்குக் கடைசி இரண்டு வரும். ஜெசிந்தா தன்னுடையதைத் திருப்பினாள். பிறகு காத்திருந்தாள்.

"பவி. உன் நம்பர் சொல்லு."

கோடு போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"பத்துன்னா கல்லாமே" என்றாள் பவித்ரா. "வெறும் ஏழுன்னா அந்தப் பத்து என்னன்னு அம்மா இப்பதான் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட கேட்டாங்க. அவரு பினாங்குல வேல பாத்தவரு."

"ஆமா."

"நீ ஏன் கல்லுன்னு சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

அவ்வளவுதான் சண்டை. அதற்குமேல் அதில் சண்டையே இல்லை. கொஞ்சம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோவில்பட்டியிலா லூனாஸிலா என்று சொல்ல மாட்டேன்.

"நாலு, ஒம்பது" என்றாள் பவித்ரா. பிறகு அவசரமாக, "நம்பர் நாலு, நம்பர் ஒம்பது. கல்லு இல்ல."

பூட்டு திறந்தது. உள்ளே ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். பெட்டியை எடுத்தவர்கள் பெயரை அதில் எழுத வேண்டும். ஜெசிந்தா பவித்ராவின் பெயரை முதலில் எழுதினாள், அப்புறம் தன் பெயர். நான்கு மணி பஸ்ஸுக்கு அந்தோணியே கொண்டுபோய் விட்டார். தேவி அக்கா என்னைப் பிழியவில்லை. மறுநாள் மெஷினில்தான் மாவு போட்டோம். முதல் சுற்று முறுக்கு நட்சத்திரம் குலையாமல் விழுந்தது.

நான் கிளம்பும் நாள் அந்தோணி வந்து ஒரு பை நிறைய ரம்புத்தான் பழமும், ஒரு உறையும் கொடுத்தார். பவித்ரா கொடுத்த அதே உறை. சோற்றுப் பசை விட்டுப்போயிருந்ததை இப்போது டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் வாங்கவில்லை.

"முதல்ல பிரிங்க தம்பி. என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

அவர் சிரித்துக்கொண்டே பிரித்து, படித்துக் காட்டினார்.

"பவி, அடுத்த பெட்டி உங்க ஊர்ல. நீ காலு, நான் கணக்கு. புரியாத சொல் வந்தா ரெண்டு பேரும் கேக்கணும், இதான் இனிமே ரூல். உங்க ஊர்ல கட்டைன்னா விறகாமே? உங்க அப்பா புல்லுக்குள்ள தேடுனாங்கன்னு எங்க அப்பா சொன்னாங்க. நல்ல வேளை, அன்னிக்கு நான் ஏழாங்கட்டைன்னு சொல்லல. நீ ஏழு விறக எண்ணிக்கிட்டு இருந்திருப்ப."